எந்த ஸ்கேன் நல்லது என்று கேட்பதற்கு முன்

"மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு." இதைச் சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள், பலர் குழப்பத்தோடு சொல்வார்கள். வலிப்பு நிற்கவில்லை, அல்லது நினைவு நாளுக்கு நாள் நழுவுகிறது. ஸ்கேனில் மட்டும் ஒன்றும் இல்லை. எந்த ஸ்கேன் எடுத்தார்கள், அது எதை அளக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவது அபூர்வம்.

மூளையைப் படம்பிடிக்கும் கருவிகளில் எதுவும் "மூளையை" அளப்பதில்லை. ஒன்று எக்ஸ் கதிர் எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கிறது. ஒன்று நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் எதிரொலியைக் கேட்கிறது. ஒன்று ரத்தத்தின் ஆக்சிஜனையும், ஒன்று தலைத்தோல் வரை கசிந்து வரும் சில மைக்ரோவோல்ட் மின்சாரத்தையும் கணக்கெடுக்கிறது. "ஒன்றும் இல்லை" என்ற அறிக்கைக்கு, அந்த ஒரு அளவில் மாற்றம் இல்லை என்பது மட்டுமே பொருள். ஆகவே நோயாளிக்கு எது எடுப்பது, ஆய்வுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவில் நான் முதலில் பார்ப்பது கருவியின் விலையையோ புதுமையையோ அல்ல. அது அளக்கும் பொருளுக்கும் நம் கேள்விக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான்.

அவசரத்தில் சி.டி.

தலையில் அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் சி.டி. எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. அதைவிடத் துல்லியமானது என்று கேள்விப்பட்ட குடும்பத்தார், நல்லதை விட்டுவிட்டு ஏன் பழையதை எடுக்கிறார்கள் என்று மனம் கலங்குவதுண்டு. கலங்க வேண்டியதில்லை. அந்த நேரத்தின் கேள்வி ஒன்றுதான்: உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா? அதற்கு சி.டி. சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடும்.

தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிடுவதுதான் சி.டி. அந்த அளவுகோலுக்கு, கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நீர் 0, காற்று −1000. மூளைத் திசு 20 முதல் 40 வரை நிற்கும், புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50-லிருந்து 80 வரை ஏறும். அந்த வித்தியாசம் போதும், ரத்தம் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். முதல் நோயாளியை 1971 அக்டோபரில் லண்டனில் படம் எடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் மூளையைச் சுற்றியுள்ள நீரை வடித்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வால்டர் டாண்டி 1919-இல் விவரித்த அந்த முறை கடும் தலைவலியையும் வாந்தியையும் கொடுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வேறு வழி இல்லாமல் நோயாளிகள் அதைத் தாங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, சி.டி.யை "பழைய கருவி" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பக்கவாதத்திலும் முதலில் சி.டி. எடுப்பதற்கு இதே காரணம்தான். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பக்கவாதத்துக்குக் காரணம் ரத்தக்கசிவாக இருந்தால் அதே மருந்து உயிரை எடுக்கும். கசிவு இல்லை என்று உறுதிசெய்வதே சி.டி.யின் வேலை. அடைப்பால் வாடும் திசு முதல் சில மணி நேரம் சி.டி.யில் சாதாரணமாகவே தெரியலாம். "சி.டி. நார்மல், அப்புறம் ஏன் பக்கவாதம் என்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

வாடும் திசுவை நேராகக் காட்டுவது எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகை, நீர் மூலக்கூறுகளின் உலாவலை அளப்பது. ரத்தம் நின்றதும் செல்களின் பம்புகள் ஓய்கின்றன, நீர் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது, செல்களுக்கு இடையே உள்ள சந்து குறுகுகிறது. நீரின் நடமாட்டம் முடங்குகிறது, படத்தில் அந்த இடம் பளிச்சென்று வெளுக்கிறது. அடைப்பு விழுந்த சில நிமிடங்களிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிடும். கேள்வி "ரத்தமா?" என்றால் சி.டி., "எந்தத் திசு சாகிறது?" என்றால் இது.

ஒரு முறை தலைக்கு சி.டி. எடுத்தால் உடலில் சேரும் கதிர்வீச்சு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். இயற்கையாகவே நம் மேல் ஓராண்டில் விழும் அளவுக்கு அருகில் வரும். அவசரத்தில் இதற்காகத் தயங்கக் கூடாது. தலைவலிக்கெல்லாம் திரும்பத் திரும்ப எடுப்பது, அதுவும் குழந்தைகளுக்கு, வேறு விஷயம்.

அமைப்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ.

1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அதற்குள் படுத்தவரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசைக்கு ஒத்துச் சாய்கிறது. ரேடியோ அலையால் தட்டினால் நிலைகுலைந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும் வேகம் கொழுப்பில் ஒன்று, நீரில் ஒன்று, வீக்கத்தில் வேறு. படம் அந்த வேகங்களிலிருந்து பிறக்கிறது. கதிர்வீச்சு ஆபத்து இல்லை. ஒரு மி.மீ. அளவு நுணுக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் பகுதியும் நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியும் தெளிவாகப் பிரிந்து தெரியும். சி.டி.யில் எலும்பின் நிழல் விழுந்து மறைந்துபோகும் சிறுமூளையும் மூளைத்தண்டும் இங்கே மறைவதில்லை.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரே படம் அன்று என்பதைப் பலர் அறிவதில்லை. எந்த வரிசையில், எவ்வளவு நேரம் விட்டுத் தட்டிக் கேட்பது என்பதை மாற்றினால் படமே மாறிவிடும். ஒரு வரிசையில் உடற்கூறு அழகாகத் தெரியும், இன்னொன்றில் வீக்கம் தெரியும். மற்றொன்றில் மூளை நீரின் வெண்மையை அணைத்துவிட்டு, அதன் ஓரமாக உள்ள தழும்புகளை மட்டும் காட்டலாம். எனவே மருத்துவர் சீட்டில் எழுதும் காரணம் மிக முக்கியம். "தலைவலி" என்று எழுதினால் ஒரு தொகுப்பு எடுப்பார்கள். "அடங்காத வலிப்பு" என்று எழுதினால் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியை அதற்கேற்ற கோணத்தில், மெல்லிய துண்டுகளாக எடுப்பார்கள். முதல் படத்தில் கண்ணுக்குத் தப்பிய சிறு தழும்பு இரண்டாவதில் அகப்படலாம். "ஒன்றும் இல்லை" என்று வந்த அறிக்கையோடு நிற்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் பிரச்சினைக்கு உரிய வரிசைகள் எடுக்கப்பட்டனவா?

வெண்பகுதியின் நரம்பிழைகளை வண்ண நூல்களாகக் காட்டும் படங்களும் இதே நீர் உலாவல் அளவிலிருந்து வருபவை. நீர் இழையின் ஓரமாக எளிதில் ஓடும், குறுக்கே ஓடத் தடுமாறும். அந்தச் சாய்விலிருந்து கணினி பாதையை ஊகிக்கிறது. கட்டியை எடுக்கும் அறுவைக்கு முன் முக்கியமான இழைக்கட்டு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று அறிய இது பெரிய உதவி. ஆனால் இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் கணக்கு தடுமாறும், செய்தி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் தெரியாது.

உடலில் சில வகை உலோகங்கள், பழைய இதயத் துடிப்புக் கருவிகள் இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஆகாது. இருபது முதல் நாற்பது நிமிடம் அசையாமல், பெரும் சத்தத்தில், குறுகிய குழாயில் படுக்க வேண்டும்.

செயலைப் பார்க்க: முதலில் ரத்தம்

அமைப்பு முழுசாக இருந்தும் வேலை கெட்டிருக்கலாம். நல்ல உடலில் வேலை எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புபவர்களும் உண்டு. இங்கேதான் எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. வருகிறது, ஏமாற்றங்களும் இங்கேதான் அதிகம்.

கருவி அதே எம்.ஆர்.ஐ.தான். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும், ஆக்சிஜன் ஏந்தியது கலைக்காது. இந்தக் காந்த வித்தியாசத்தை 1936-இலேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டார்கள். 1990-இல் செய்ஜி ஓகாவா அதை மூளைப் படத்தில் பயன்படுத்தலாம் என்று காட்டினார், இரண்டே ஆண்டில் மனிதர்களில் முதல் படங்கள் வெளியாயின. மூளையின் ஒரு பகுதி வேலையில் இறங்கியதும், அது செலவழிப்பதைவிட அதிக ஆக்சிஜன் அங்கே வந்து சேருகிறது. ஆக்சிஜன் இழந்த ரத்தம் விகிதத்தில் குறைகிறது, குறிப்பலை சற்று உயர்கிறது. அந்த உயர்வு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான்.

இப்போது தூரத்தைக் கணக்குப் பார்ப்போம். நமக்கு வேண்டியது நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பேசுவது. கருவிக்குக் கிடைப்பது அவற்றுக்காக வந்த ரத்தம். நியூரான்கள் மில்லி விநாடிகளில் பேசி முடித்துவிடும், ரத்தத்தின் பதில் உச்சத்துக்கு வர 5, 6 விநாடி ஆகும். 3 மி.மீ. பக்கமுள்ள ஒரு சிறு கனசதுரம்தான் படத்தின் ஒரு புள்ளி, அதற்குள் நியூரான்கள் லட்சக்கணக்கில் இருக்கும். அவை ஒன்றையொன்று தூண்டுகின்றனவா, அடக்குகின்றனவா என்பதை ரத்தம் பிரித்துச் சொல்லாது.

செய்திகளில் வரும் சிவப்பும் மஞ்சளுமான திட்டுகள் மூளையில் எரியும் விளக்குகள் அல்ல, புள்ளியியல் சோதனையைத் தாண்டிய இடங்கள். இந்த வேற்றுமையை நான் எங்கு பேசினாலும் அழுத்திச் சொல்வேன். ஒரு படத்தில் பல்லாயிரம் புள்ளிகளுக்குத் தனித்தனியே சோதனை செய்தால் சில புள்ளிகள் தற்செயலாகவே தேறும். 2009-இல் கிரேக் பென்னட்டும் சகாக்களும் இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, வழக்கமான ஆய்வைச் செய்தார்கள். பல சோதனைகளுக்கு உரிய திருத்தம் செய்யாதபோது மீனின் மூளையில் "செயல்பாடு" தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. 2016-இல் ஆண்டர்ஸ் எக்லண்டும் குழுவினரும் பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களைச் சோதித்து, 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போவதைக் காட்டினார்கள். இவை இந்த முறையைக் குப்பையில் போடச் சொல்பவை அல்ல. அதை நேசித்தவர்களே செய்த பழுதுபார்ப்பு.

இன்னொரு வழுக்கல் உண்டு. பயத்தோடு சேர்த்துப் பேசப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி தூண்டப்பட்டிருக்கிறது, ஆகவே இவர் பயப்படுகிறார் என்று பின்னோக்கி முடிவுகட்டுவது. புதுமைக்கும், ஆசைக்கும், கவனத்துக்கும்கூட அமிக்டலா பதில் சொல்லும். பயத்தைக் கொடுத்து அமிக்டலாவைப் பார்ப்பது ஒரு கேள்வி, அமிக்டலாவைப் பார்த்துப் பயத்தைக் கண்டுபிடிப்பது வேறு கேள்வி.

இத்தனைக்கும் பிறகு, "எங்கே?" என்ற கேள்விக்கு, ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல், மூளையின் அடியாழம் வரை பதில் தர எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு இணை இல்லை என்பதே என் முடிவு. ஒரே ஆளைப் பல நிலைகளில் ஒப்பிடும் சோதனைக்கு நம்பி எடுக்கலாம். ஆளுக்கு ஆள் உள்ள குணவேறுபாட்டை மூளைப் படத்தோடு பொருத்தப் பார்ப்பவர்கள், ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க முடியாவிட்டால் இறங்காமல் இருப்பது நல்லது. முப்பது நாற்பது பேரை வைத்துக் கண்ட அத்தகைய உறவுகள் திரும்பச் செய்தபோது பெரும்பாலும் நிற்கவில்லை.

மின்சாரத்தை நேராகக் கேட்பது

"ஈரத் தலையைத் துண்டால் துவட்டினான்." "ஈரத் தலையைக் கதவால் துவட்டினான்." இரண்டாவது வாக்கியத்தில் ஓரிடத்தில் உங்கள் மூளை இடறியிருக்கும். பொருந்தாத சொல்லைக் கண்ட சுமார் 400 மில்லி விநாடியில் தலைத்தோலில் ஒரு எதிர்மின் அலை உயர்வதை 1980-இல் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் கண்டுபிடித்தார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ.யின் ரத்தம் கிளம்புவதற்குள் இந்தக் கதையே முடிந்துபோயிருக்கும். "எப்போது?" என்பது உங்கள் கேள்வியானால், தலைத்தோலில் மின்வாய் வைத்து மூளையலையைப் பதியும் இ.இ.ஜி.யை எடுங்கள்.

ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையலையைப் பதிவுசெய்து, ஐந்தாண்டு சந்தேகத்தோடு சரிபார்த்து, 1929-இல் வெளியிட்டார். நூறாண்டு கடந்த இந்த முறைதான் இன்றும் வலிப்பு நோயில் முதல் துணை. மூளையின் மேலடுக்கான புறணியில் வரிசையாக நிற்கும் ஆயிரமாயிரம் நியூரான்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தை அது அளக்கிறது. ரத்தம் என்ற இடைத்தரகர் இல்லை. குறை, இடம். மண்டையோடு அந்த மின்சாரத்தைப் பரவலாக்கிவிடுகிறது. தோலில் கிடைத்த ஒரே அளவுக்கு உள்ளே எண்ணற்ற வேறுவேறு மூலங்கள் காரணமாக இருக்கலாம் என்று 1853-இலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிவிட்டார். எத்தனை மின்வாய்களைக் கூட்டினாலும் இந்தக் கணிதச் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை.

மின்சாரம் ஓடினால் காந்தப்புலமும் உண்டு, மண்டையோடு அதைக் கலைப்பதில்லை. எம்.இ.ஜி. அதைப் பிடிக்கிறது. மூளையின் காந்தப்புலம் பூமியினுடையதில் பல கோடியில் ஒரு பங்கு. டேவிட் கோஹன் 1968-இல் முதன்முதலாக அதை அளந்தார். காந்தம் புகாத அறையும், −269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் குளிர்ந்த உணரிகளும் வழக்கமான கருவிக்குத் தேவை. நேரத்தில் இ.இ.ஜி.க்கு நிகர், இடத்தில் அதைவிட மேல். புறணியின் மடிப்புச் சுவர்களில் உள்ள மூலங்களை நன்றாகக் கேட்கும், மடிப்பின் உச்சியில் வெளிநோக்கி நிற்பவை அதன் காதில் சரியாக விழாது. உறைகுளிர் தேவையில்லாத, தலையில் அணிந்துகொண்டு அசையக்கூடிய உணரிகளை 2018-இல் நாட்டிங்காம் குழுவினர் காட்டினார்கள். இந்தத் துறையில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது அதைத்தான்.

வேதியியல் கேள்விகள்

நரம்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் எங்கே குறைந்திருக்கிறது? அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா? மேலே சொன்ன எதுவும் இதற்குப் பதில் சொல்லாது. பெட் சொல்லும். கதிரியக்க அணு ஒட்டிய ஒரு மூலக்கூறை ஊசியில் செலுத்துகிறார்கள். அந்த அணு உமிழும் பாசிட்ரான் (எலெக்ட்ரானின் நேர்மின் இணை) அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்து அழிய, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் உணரிகளில் விழுந்தால் மூலம் அந்தக் கோட்டில்தான் எங்கோ இருக்கிறது. எதை அளக்கிறோம் என்பது எந்த மூலக்கூறைச் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. குளுக்கோஸ் போன்ற மூலக்கூறானால் சர்க்கரைச் செலவு தெரியும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்பதால் இது வளமான அளவு. படத்தின் நுணுக்கம் சில மி.மீ.தான், ஆனால் மிக மிக அரிதாக இருக்கும் பொருளையும் கண்டுபிடிக்கும்.

கதிர்வீச்சு இங்கே தலை சி.டி.யைவிட அதிகம். ஃப்ளூரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடம், கார்பன்-11-க்கு 20 நிமிடம், ஆக்சிஜன்-15-க்கு 2 நிமிடமே. ஆகவே பின்னிரண்டுக்கும் தயாரிப்புக் கருவி பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறதிக்காக அமிலாய்டு பெட் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். நினைவு தெளிவாக உள்ள முதியவர் பலரிடமும் அமிலாய்டு படிந்திருக்கும். படிவு இல்லை என்ற பதில் அல்சைமரை விலக்க நன்றாக உதவும். இருக்கிறது என்ற பதில் மட்டுமே நோயை உறுதிசெய்யாது.

கைக்குழந்தைகளுக்கு வழி தனி. உச்சிக்குழி மூடாத வரை அதன் வழியாக அல்ட்ராசவுண்டிலேயே ரத்தக்கசிவைப் பார்க்கலாம். மடியில் இருக்கும் குழந்தையின் புறணிச் செயலை அறிய, அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் தோல் வழியே செலுத்தி ரத்த ஆக்சிஜனை அளக்கும் தொப்பி இருக்கிறது. அது புறணியின் மேற்பரப்பை மட்டுமே எட்டும்.

எல்லாம் ஒன்றுசேரும் இரண்டு இடங்கள்

மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை செய்யும் முன், ஒரு கருவியை நம்பி யாரும் கத்தி எடுப்பதில்லை. எம்.ஆர்.ஐ. தழும்பைத் தேடும். காணொளியோடு சேர்ந்த இ.இ.ஜி. வலிப்பு எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று சொல்லும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த பெட்டில், கோளாறான பகுதி சர்க்கரையைக் குறைவாகச் செலவழித்து மங்கித் தெரியும். இன்னும் ஐயம் இருந்தால் ஸ்பெக்ட், கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். வலிப்பு தொடங்கிய விநாடிகளுக்குள் ஊசி போட்டுவிட்டால், மருந்து ரத்தம் பாய்ந்த இடத்திலேயே ஓரிரு நிமிடத்தில் சிக்கி நின்றுவிடும். படத்தைப் பிறகு நிதானமாக எடுக்கலாம், அதில் தெரிவது வலிப்பு வந்த அந்தக் கணத்தின் ரத்த ஓட்டம். இதற்காகச் செவிலியர் ஒருவர் ஊசியோடு படுக்கைக்கு அருகில் மணிக்கணக்கில் காத்திருப்பார். மொழி எந்தப் பக்கம் என்று எஃப்.எம்.ஆர்.ஐ. சொல்லும். இவை ஒரே இடத்தைக் காட்டினால் முடிவு எளிது. காட்டாவிட்டால் மூளைக்குள்ளேயே மின்வாய் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்றொன்று, கண் திறந்தும் எதற்கும் பதில் தராத நோயாளி. 2006-இல் ஏட்ரியன் ஓவனும் குழுவினரும் விபத்துக்குப் பின் அந்த நிலையில் இருந்த 23 வயதுப் பெண் ஒருவரை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக உள்ளவர்களுக்கு எழும் அதே இடத்தில், அசைவைத் திட்டமிடும் பகுதியில், குறிப்பலை எழுந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இத்தகையோரில் பலரை எம்.ஆர்.ஐ. அறைக்குக் கொண்டுபோகவே முடியாது: உடலில் உலோகம் இருக்கும், அல்லது தலை அசைந்துகொண்டே இருக்கும். 2011-இல் ஓவனும் சகாக்களும் இ.இ.ஜி.யைப் படுக்கைக்கே கொண்டுவந்து, கையை இறுக்குவதாகவும் கால்விரலை அசைப்பதாகவும் கற்பனை செய்யச் சொல்லி, 16 பேரில் 3 பேரிடம் பதில் கண்டதாக அறிவித்தார்கள்.

2024-இல் பல மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வெளியே எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், எஃப்.எம்.ஆர்.ஐ.யிலோ இ.இ.ஜி.யிலோ கட்டளைக்குப் பதில் தந்தார்கள். இரண்டும் செய்யப்பட்டவர்களிடம் கண்டுபிடிப்பு அதிகம். அதே ஆய்வில், கண்ணெதிரே கட்டளையைக் கேட்டு நடக்கக்கூடிய 112 பேரையும் சோதித்தார்கள். அவர்களில் கருவியில் பதில் தெரிந்தது 43 பேருக்கு மட்டுமே. ஆகவே இந்தப் படுக்கைகளின் அருகில், முடியுமானால் இரண்டு முறைகளையும் கேட்க வேண்டும். ஒன்றில் பதில் வந்தால் நம்பலாம். எதிலும் வரவில்லை என்றால் அறிக்கையில் "பதில் தெரியவில்லை" என்று மட்டும் எழுத வேண்டும். "உணர்வு இல்லை" என்று எழுதக் கூடாது.